டிராமின் கூரைப் படுதா

"தொடாதே! வார்னிஷ் இன்னும் காயல!"

வால்டர் போட்ட சத்தத்தில் மருதம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

மலாயாவில் குருண் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நின்றது அந்த டிராம் வண்டி. தண்டவாளமும் இல்லை, மின்கம்பியும் இல்லை. பினாங்கில் மின்சார டிராம்களை நிறுத்தியபோது வெள்ளைக்காரத் துரை ஒன்றை வாங்கி வந்து வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையாக வைத்தார். பயணிகள் பிடித்து நின்ற பித்தளைக் கம்பியில் இப்போது தொட்டில்கள் ஆடின. பினாங்கில் அந்த வண்டியை ஓட்டிய வால்டரும் அதோடு வந்து, காவல்காரர் ஆகிவிட்டார்.

துரை போய், ஜப்பான்காரர்கள் வந்தார்கள். அதிகாரி ஒருவர் டிராமைச் சுற்றிப் பார்த்து, 'ராணுவச் சொத்து' என்று கதவில் சீட்டு ஒட்டினார். வால்டர் அந்தச் சீட்டையும் தூசி தட்டி வைத்திருந்தார்.

"வால்டர் அண்ணே, கூரை மேல படுதா போட்டிருக்கீங்களே, அதுல கொஞ்சம் குடுங்கண்ணே" என்றாள் மருதம்மாள்.

"எதுக்கு?"

"எம்மவளுக்கு. வீட்டுல இருக்கிறது ஒரே சேலை. நான் கட்டிக்கிட்டு வேலைக்கு வந்தா, இராசாத்தி கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கெடக்கா. வேலைக்கு வந்தாத்தானே அரிசி? ஒருத்தி அரிசியில ரெண்டு வயிறு எப்படிண்ணே?"

மருதம்மாளின் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து தகவலே இல்லை.

வால்டர் திரும்பிப் பார்த்தார். நான்கடி தள்ளி, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் சின்னையா சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"உன் மவளுக்குப் பாவாடை தைக்கவா இந்த வண்டியைக் கட்டிக் காப்பாத்துறேன்?" வால்டர் கத்தினார். "படுதாவுல கை வச்சே, கையை ஒடிச்சிருவேன். போ!"

தொட்டிலில் பிள்ளையைப் போட வந்த புஷ்பவள்ளிக்குப் பொறுக்கவில்லை.

"கட்டை வண்டிக்குத் துணி, பொண்ணுக்கு இல்ல. மனுஷனா இவரு? டிராமையே கட்டிக்கிட்டு அழட்டும்!"

அடுத்த வாரம் இராசாத்தி வேலைக்கு வந்தாள். இடுப்பில் முரட்டுப் பாவாடை. வெளியே மடிந்த ஓரத்தில் பச்சைப் பெயின்ட் வெடித்து வெடித்துக் கிடந்தது.

சின்னையா பார்த்தார். பிறகு டிராமைப் பார்த்தார். கூரையின் முன்பக்கம் வெறும் பலகையாக இருந்தது.

"நில்லுடி! யாரு குடுத்தா இதை?"

இராசாத்தி பாவாடை ஓரத்தைக் கையால் மறைத்தாள். மருதம்மாள் மரவள்ளிக் கொல்லையிலிருந்து ஓடிவந்து மகளை மறைத்து நின்றாள்.

"அவளை விட்டுருங்க மண்டோரய்யா."

"ராணுவச் சொத்து, தெரியுமா? திருடின ஆளை ஒப்படைக்கலேன்னா என் தலையைச் சீவிருவாங்க. ஏய், வால்டரைக் கூப்பிடு! அந்த ஆளுக்கு வண்டியோட ஒவ்வொரு ஸ்குரூவும் தெரியும்."

"தீர்ந்துச்சு" என்று முணுமுணுத்தாள் புஷ்பவள்ளி. "ஒரு கதவுக் குமிழ் காணோம்னு ஊரையே கூட்டின மனுஷன்லா!"

வால்டர் வந்தார். குனிந்து பாவாடை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். மருதம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது எங்க டிராம் துணி இல்ல."

"என்னய்யா, கண்ணு அவிஞ்சு போச்சா? அதே பச்சை!"

"பச்சையா இருந்தா டிராமா? வாழையிலைகூடத்தான் பச்சை. இது பழைய லோரிப் படுதா, மட்ட ரகம். என் வண்டிக்கு இதைப் போடுவேனா?"

யாரோ சிரித்தார்கள். சின்னையாவுக்குக் கோபம் ஏறியது.

"அப்போ கூரையில இருந்தது எங்கே?"

வால்டர் கூரையின் வெறும் பலகையை அண்ணாந்து பார்த்தார். வண்டியைத் தன்னைவிட ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்.

"காத்துல பறந்து போச்சு" என்றார். "நான்தான் சரியாப் பார்த்துக்கல."

"அதை அதிகாரிகிட்ட வந்து சொல்லு!"

சாயங்காலம் வால்டர் திரும்பி வந்தபோது ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. கூரையை உடனே மூட வேண்டும் என்று உத்தரவாம். கோணிச் சாக்குகளை ரப்பர்ப் பாலில் தோய்த்து எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

மருதம்மாள் ஏணியடியில் வந்து நின்றாள்.

"அண்ணே... எடுத்தது நான்தாண்ணே. எனக்காக அடி வாங்கி..."

"பெயின்ட்டுப் பக்கத்தை உள்ளே வச்சுத் தச்சிருக்கே. புள்ளைக்குத் தோல் உரிஞ்சிரும். திருப்பித் தை."

"அன்னிக்கு அப்படிக் கத்துனீங்களேண்ணே?"

"மண்டோர் நிக்கிறாரு. எடுத்துக்கம்மான்னா சொல்ல முடியும்?"

மருதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முந்தானை நைந்து சல்லடையாக இருந்தது.

வால்டர் அதைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு உனக்காக முன்பக்கத்து ஆணியைப் பிடுங்கி வச்ச மாதிரியே பின்பக்கத்து ஆணியையும் பிடுங்கி வச்சிருக்கேன். நான் சாக்கைப் போட்டு மூடறதுக்குள்ள, உனக்கும் ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போ."