மூன்று இடத்தில் நல்லம்மா

"என் பொஞ்சாதி சத்தம் இதுக்குள்ள மட்டுந்தாங்க இருக்கு. எப்படியாச்சும் எடுத்துக் குடுங்க தம்பி."

இராமசாமி ஒரு துவாயைப் பிரித்து, நனைந்து செத்துப்போன கைபேசியை மேசையில் வைத்தார். லக்கலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மனுசன். ஆள் ஈர்க்குச்சி; சட்டைக்குள் காற்றுதான் அதிகம்.

நப்லானுக்கு மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கைபேசி திருத்தும் கடை. பன்னிரண்டு வருடத் தொழிலில் வாடிக்கையாளர் கண்ணீருக்கு அவன் மசிந்ததே கிடையாது. போன வாரம்கூட ஒருத்தர் தொலைந்த படங்களைக் கேட்டு விம்மினார். மீட்டுப் பார்த்தால் நாலாயிரத்தில் மூவாயிரத்துச் சொச்சம் ரோஜாப்பூப் போட்ட காலை வணக்கம்.

ஆனால் பெண்சாதியின் சத்தம் என்றதும் அவனுக்கே என்னவோ செய்தது. "எப்புடி ஐயா நனஞ்சிச்சு?"

"சோளச் சேனையில வச்சிருந்தேன், மழை புடிச்சிருச்சு. மூணு ராத்திரியா அது சத்தம் இல்லாம கண்ணு மூடல. சோளம் முத்தி நிக்குது, இது இல்லாட்டி ஒரு பொத்திகூட வீடு வந்து சேராது."

பாவம், அறுவடைக்குக்கூடக் கை ஓடவில்லை போல என்று நப்லான் நினைத்துக்கொண்டான். "வேற எதுலயாச்சும் கொப்பி ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாமே?"

"இதுதானே கொப்பி" என்றார் இராமசாமி.

இந்த ஊரில் எல்லாரும் இப்படித்தான். வீட்டுக்கு இரண்டு பூட்டுப் போடுவார்கள், தேங்காய்க்குக் கணக்கு வைப்பார்கள், ஆயுசு முழுவதையும் ஒரே கைபேசியில் போட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொள்வார்கள். நப்லான் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வேலையில் இறங்கினான்.

போர்டைக் கழற்றி ஸ்பிரிட்டால் துலக்கிப் புது பற்றரி பொருத்தினான். இரண்டு தடவை மினுங்கிவிட்டு அணைந்தது. இராமசாமி கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை திரை முழுசாக விழித்தது. நப்லான் அவசரமாகக் குரல் பதிவைக் கணினிக்கு இழுத்துப்போட்டு, தட்டிக் கேட்டான்.

"வெக்கங்கெட்ட ஜென்மமே, மலையாட்டம் வயித்த வளத்து வச்சிக்கிட்டு, நேத்துத் தின்னது போதாதா? மறுபடி வந்து நிக்கிற. எறங்கிப் போ. போறியா, முதுகுத் தோல உரிக்கவா?" கூடவே ஏதோ தகரத்தைப் போட்டு அடிக்கிற சத்தம்.

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். இராமசாமியின் முகத்திலோ அப்படி ஒரு நிம்மதி. "இதுதான் தம்பி. எங்க நல்லம்மா."

நப்லான் அவருடைய வயிற்றைப் பார்த்தான். முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மலையாக இருந்த மனுசன் இப்படி உருகிவிட்டாரே என்று அவனுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு ஏச்சு வாங்கியும் அந்தச் சத்தத்துக்காக ஏங்குகிறாரே, நாமும் இருக்கிறோமே.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அவன் பெண்சாதி ஜஸ்லா அழைத்தாள். காலையிலிருந்து இரண்டு தரம் வெட்டிவிட்ட அழைப்பு. இந்தத் தடவை எடுத்து, சமையல் காஸ் முடிந்த கதையிலிருந்து கல்யாணம் முடித்த நாள்வரை அவள் ஏசியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டான். கேட்டதோடு நிற்காமல் பதிவும் செய்துகொண்டான். "சொல்லுங்க ஜஸ்லா, நீங்க சொன்னாச் சரிதான்."

ஜஸ்லாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஒங்களுக்கு ஒடம்புக்கு என்னமும் சொகமில்லயா?"

நப்லான் நல்லம்மாவை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தினான். கைபேசியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று. இனி லக்கலையே வெள்ளத்தில் போனாலும் அவளுடைய ஏச்சு அழியாது. கூலியும் வேண்டாமென்று சொல்லிவிட்டான். பன்னிரண்டு வருடத்தில் இது முதல் தடவை.

இராமசாமி எழுந்து கைகூப்பினார். நப்லான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான். "அம்மா தவறி எத்தன நாளாகுது ஐயா?"

"எந்த அம்மா?"

"ஒங்கட வீட்டம்மாதான்."

"நல்லம்மாவா? நல்லாத்தானே இருக்கு. இந்நேரம் சோறாக்கி வச்சிட்டு எனக்காகப் பாத்துக்கிட்டு இருக்கும்."

நப்லானுக்கு ஒரு நாள் வேலையும் சிந்தின கண்ணீரும் ஒன்றாக நினைவுக்கு வந்தது. "அப்ப அவங்களயே இன்னொரு தரம் ஏசச் சொல்லிப் பதிஞ்சிருக்கலாமே?"

"நேத்துப் பக்கத்து வீட்டுப் போன்ல பதிஞ்சு பாத்தேனே. சும்மா ஏசச் சொன்னா அதுக்குச் சிரிப்பு வந்துருது" என்றார் இராமசாமி, கைபேசியைத் துவாயில் சுற்றிக்கொண்டே. "சிரிப்புச் சத்தத்துக்கு யானை போகாது தம்பி."