மார்போடு ஒட்டிய பனியன்

புரட்டாசியில் மலைவேட்டைக்குக் கிளம்பிய ஒருவன், குளிருக்குப் பயந்து பனியன், அதன்மேல் கம்பளி, அதற்கும் மேலே தோல்கோட்டு என்று மாட்டிக்கொண்டான். ஆளுக்கொரு துப்பாக்கி; கூட வந்த மச்சினன் முன்னால் போய்விட்டான்.

மேலே ஏற ஏற மூடுபனி கவிந்தது. பாதை மறைந்தது. உள்ளே பனியன் தெப்பமாக நனைந்துவிட்டது.

"கம்பளி அண்ணே, இவரு உடம்பு நடுங்குது," என்றது பனியன்.

"குளிருனா நடுங்கத்தான் செய்யும். அதுக்குத்தானே நான் இருக்கேன்."

"குளிருல எவனுக்காவது இப்படி வேர்க்குமா? நெஞ்சு கிடந்து அடிச்சுக்குது. திரும்பிடச் சொல்லுங்க."

தோல்கோட்டு சிரித்தது. "உள்ளயே கிடக்கிறவனுக்கு என்ன தெரியும்? வெளிய இருந்து பாரு, புலியே ஒதுங்கிப் போகும்."

அப்போது எதிரே ஒரு புதர் அசைந்தது. யாரென்று கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிட்டான்.

"பாத்தியா தைரியத்தை," என்றது தோல்கோட்டு.

புதருக்குள்ளிருந்து பழகிய குரல் ஒன்று பனியனைக் கூப்பிட்டது. நேற்று ஒரே கொடியில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த மச்சினனின் பனியன்தான் அது.

"நானும் நனைஞ்சிட்டேன். ஆனா இது வேர்வை இல்ல."