காலியாக விட்ட கட்டம்

"அந்தக் கட்டத்தைக் காலியா விட்ட மடையன் யாரோ, அவனைப் பிடிச்சு உள்ள போடணும். நீ ஏன்ப்பா உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கற?"

பெர்னி கத்திய கத்தலில் ஆங்கஸ் நிமிர்ந்தான். எதிரே கணினித் திரையில் அவன் எழுதிய ராஜினாமாக் கடிதம். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மதியத்துக்கு வாங்கி வந்த மாட்டிறைச்சி அடைத்த 'பை' பலகாரம் பிரிக்காமலே ஆறிப்போயிருந்தது.

பிரிஸ்பேனில் பத்தே பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் கம்பெனி அது. ஆங்கஸ் புரோகிராம் எழுதுவான். பெர்னி அதைச் சோதித்துக் குறை சொல்லுவாள். அவள் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆனாலும் ஐம்பத்து மூன்று வயதுக்குரிய வாய் உண்டு, யாரையும் விடமாட்டாள். போன வாரம் முழுக்க உடம்பு சரியில்லை என்று லீவு போட்டிருந்தவள், இன்றைக்குத்தான் வந்திருந்தாள்.

"மடையன்னு சொல்லாதீங்க பெர்னி. தப்பு என்னோடது."

"அப்படி என்ன பெரிய தப்பு பண்ணிட்ட?"

தெரிந்துகொண்டேதான் கேட்டாள். அவனுக்கோ யாரிடமாவது கொட்டினால் போதும் என்றிருந்தது.

வடக்கே ஓர் ஆற்றங்கரை ஊரின் நகராட்சிக்காக அவன் செய்த இணையவழி வெள்ள மீட்புப் படிவம். விலாசத்துக்கு ஒரு கட்டம், 'வீட்டில் எத்தனை பேர்?' என்று எண்ணுக்கு ஒரு கட்டம். எண்ணை நிரப்பாமல் அனுப்பினால், வெறுமையை எப்படி எண்ணாக்குவது என்று தெரியாமல் ஜாவா மொழி முரண்டு பிடித்தது. பக்கமே முடங்கி விழுந்துவிட்டது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த அவசரத்தில் அவன் ஒரு வரியைச் சேர்த்தான். காலியாக இருந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்!

"எண்ணோட வகையை 'இன்ட்'னு வெச்சுத் தொலைச்சேன். அதுக்குப் பூஜ்யம் தெரியும், 'தெரியாது'ன்னு ஒரு பதில் இருக்கறது தெரியாது. 'இன்டீஜர்'னு வெச்சிருந்தா காலியைக் காலியாவே வெச்சிருக்கும். இங்கிலீஷ்ல கூட நாலே எழுத்து பெர்னி, நாலே எழுத்து!"

"சரி, அதனால?"

"வெள்ளம் வந்தப்போ, பூஜ்யம் வந்த வீடெல்லாம் ஆளில்லாத வீடுன்னு மீட்புப் பட்டியல்ல கடைசிக்குப் போயிடுச்சு. படகு அந்தப் பக்கமே போகலை. ரெண்டு நாள் கழிச்சுக் கதவை உடைச்சுப் பார்த்தா, உள்ள ஒரு வயசான அம்மா, பிணமா..."

பெர்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நானும்தான் சோதிச்சேன்," என்றாள் திரும்பாமலே. "காலியா அனுப்பினேன், பக்கம் விழலை, சரின்னு டிக் அடிச்சேன். உள்ள அது என்னவா மாறுதுன்னு பார்த்தேனா? என் பேரையும் சேர்த்து எழுது."

"எழுதினது நான். நீங்க ஏன்?"

"பச்சப்புள்ளை மாதிரி பேசாத. போன மாசம்தான் உனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. வேலையை விட்டுட்டு என்ன செய்வ? விசாரணையில கேட்டா, நிரப்பின ஆள் மேல தப்புன்னு சொல்லு. உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சும் ஒரு எண்ணைத் தட்டத் துப்பில்லாத ஜென்மம்!"

"அப்படிச் சொல்லாதீங்க!" ஆங்கஸுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "வீட்டுக்குள்ள இருந்தவங்களா இருந்தா எத்தனை பேர்னு தெரிஞ்சிருக்கும். இது வெளியூர்ல உக்காந்து தவிச்ச யாரோ நிரப்பினது. 'தெரியாவிட்டால் காலியாக விடலாம்'னு கட்டத்துக்குக் கீழே நான்தானே எழுதி வெச்சேன்? அதை நம்பினது அவங்க குத்தமா?"

பெர்னி அவன் தொடாத மதியச் சாப்பாட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அவங்களைப் பார்த்து மன்னிப்புக் கேக்கணும் பெர்னி. அதைச் செய்யற வரைக்கும் எனக்குச் சோறும் இறங்காது, தூக்கமும் வராது. படிவத்துல பேர் கேக்கலை. நகராட்சியும் யாருன்னு சொல்ல மாட்டேங்குது. ஆனா பார்த்தா மட்டும்? எந்த முகத்தை வெச்சிக்கிட்டு அவங்க முன்னாடி நிப்பேன்? என்னைக் காறித் துப்புவாங்க."

அவன் கண்ணீர் கீபோர்டில் சொட்டியது. பெர்னி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இருந்த சத்தம் அவள் குரலில் இப்போது இல்லை.

"அந்தக் கடிதத்தை அழிச்சிடு. அவங்களுக்கு உன் மேல கோவம் இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்ணினேன், எடுக்கலை. எங்கம்மா உள்ளதான் இருக்கான்னு தெரியும்; தம்பியும் அந்த வீட்டுக்கு வந்துட்டானான்னுதான் தெரியலை," என்றாள் பெர்னி. "ஒண்ணா, ரெண்டான்னு யோசிச்சு யோசிச்சு... அப்படியே காலியா அனுப்பிட்டேன்ப்பா."