அடுத்த வாரம் முதல்

"யாரைக் கேட்டு என் பேரைப் போட்டீங்க?"

பரமசிவம் வாரப் பத்திரிகையை ஆசிரியர் மேசைமேல் விரித்துப் போட்டார். 'அடுத்த வாரம் முதல் பரமசிவம் எழுதும் புதிய தொடர்கதை' என்று கட்டம் கட்டி வந்திருந்தது.

ஆசிரியரும் முதலாளியுமான அழகப்பன் புரூப் திருத்துவதை நிறுத்தவில்லை. "உங்ககிட்ட கதை இருக்கில்ல?" என்றார்.

இருந்தது. தலைக்குள் இருந்தது. காணாமல் போன புருஷனைத் தேடிக் கப்பலேறி வந்து, சிங்கப்பூர் முழுக்க அலையும் முத்தாயியின் கதை. சிராங்கூன் ரோட்டுக் கோப்பிக்கடையில் அதைக் கேட்காத ஆளில்லை. அழகப்பனே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பியை ஆறவிட்டுக் கேட்டிருக்கிறார்.

எழுதுவதுதான் நடக்கவில்லை. தீபாவளி கழியட்டும் என்பார் பரமசிவம். கழிந்தால் பொங்கல் வந்துவிடும். அப்புறம் துறைமுகத்தில் கப்பல் நெரிசல். கணக்கெழுதும் கிராணி வேலையில் மூச்சுவிட நேரமில்லை. எல்லாம் ஓய்ந்த நாளில் மேல்வீட்டு ரேடியோ அலறும். இப்படியே வருஷங்கள் போயிருந்தன.

"நான் ஒரு வரிகூட எழுதலை. தப்பா வந்திருச்சுன்னு போடுங்க."

"போடமாட்டேன். புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள அத்தியாயம் வரணும். வரலைன்னா உங்க பேரை மட்டும் போட்டு, பக்கத்தை வெள்ளையா விட்டுருவேன். ஊரே பார்க்கட்டும்லா."

ஓரத்தில் அச்சுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த முகம்மது யூசுப்பின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அது பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தது.

ஜாலான் புசாரில் இருந்த வீடு வந்து சேரும்வரை பரமசிவம் அழகப்பனைத் திட்டிக்கொண்டே நடந்தார். ஒரு மனுஷனை இப்படியா நடுத்தெருவில் நிறுத்துவது? நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் விடப்போவதாக மனைவியிடம் சொன்னார். பாக்கியலட்சுமிக்கு வேறு கவலை. தேக்கா சந்தையில் பார்க்கிறவர்களெல்லாம், உங்க வீட்டுக்காரர் கதை வருதாமே என்று அவளை விசாரித்திருந்தார்கள்.

"பக்கம் வெள்ளையா வந்தா நான் எந்த முகத்தோட சந்தைக்குப் போறது?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும், வேலைக்குக் கிளம்புமுன் பரமசிவம் பேனாவைத் திறந்தார். ஆத்திரத்தில்தான் எழுதினார். கிழித்தார். திரும்ப எழுதினார். புதன்கிழமை சாயங்காலம் தாள்களை அழகப்பன் மேசையில் வீசாத குறையாக வைத்தார்.

அழகப்பன் நின்றபடியே படித்தார். முதல் தாளைக் குறுக்கே அடித்துவிட்டு, "கதை இதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது" என்றார். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை.

ஒவ்வொரு புதன்கிழமையும் இதே மரியாதைதான். ஒரு வாரம் பரமசிவத்துக்குக் காய்ச்சல். அந்த வாரம் மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லி மனைவியை அனுப்பினார். காய்ச்சல் அவருக்குத்தானே, முத்தாயிக்கு இல்லையே என்று அழகப்பன் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அத்தியாயத்தைப் பரமசிவம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, அழகப்பனைச் சபித்தபடியே எழுதி முடித்தார்.

ஆனால் நாளாக ஆக ஒன்று நடந்தது. விடிந்தால் கை தானாகப் பேனாவைத் தேடியது. வேலை இல்லாத நாளிலும் கோப்பி வருவதற்குள் ஒரு பக்கம் ஓடியிருந்தது. நினைத்தபடி வராத நாளிலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை. மேல்வீட்டு ரேடியோ அலறிக்கொண்டுதான் இருந்தது. அது அவர் காதில் விழுவது எப்போதோ நின்றுபோயிருந்தது. சந்தையில் ஆட்டிறைச்சிக் கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, முத்தாயிக்குப் புருஷன் கிடைப்பானா மாட்டானா என்று அவரைக் கேட்டார்.

அழகப்பன்மேல் இருந்த கோபம் மட்டும் ஆறவில்லை. அது ஆறுகிற மாதிரி அவரும் நடந்துகொள்ளவில்லை. ஒரு புதன்கிழமை, இந்த மாசத்தோடு கதையை முடித்துவிடுங்கள் என்றார். ஊரே முத்தாயியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். பரமசிவத்துக்கு முகம் சுண்டிப்போனது.

கடைசி அத்தியாயத்தைக் கொண்டுபோன அன்று அழகப்பன் வெளியே போயிருந்தார். யூசுப் மட்டும் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இனிமேல் என்ன வரப்போகிறது என்று பரமசிவம் கேட்டார்.

"முதலாளி எழுதின தொடர்கதை, தம்பி. அதைத்தான் கோத்துக்கிட்டிருக்கேன்."

பரமசிவத்துக்குச் சுரீரென்றது. ஓகோ, சங்கதி இதுதானா? இத்தனை நாளும் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாதது இதற்குத்தானா? நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதையின் கழுத்தைத் திருகியதும் இதற்குத்தானா?

"எங்கிட்ட வெரட்டி வெரட்டி எழுதி வாங்கினாரு. நாலு பேரு அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சதும் என்னைத் தள்ளிட்டுத் தான் வந்து உட்காந்துக்கிறாரு. இதெல்லாம் ஒரு பொழைப்பா, பாய்? அடுத்த கதையை வேற பத்திரிகைக்குத்தான் கொடுப்பேன். அவர் வந்தா சொல்லுங்க."

யூசுப் கையிலிருந்த எழுத்துகளைக் கீழே வைத்தார்.

"அடுத்த கதையா? எழுதிட்டீங்களா?"

"பாதி ஆயிருச்சு."

யூசுப் அவரை நிமிர்ந்து பார்த்தார். தாடிக்குள் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அப்ப சொல்லலாம். முதலாளியோட இந்தக் கதையைப் போன வருஷமே நான் கோத்து முடிச்சு, அச்சுக்குத் தயாரா வெச்சிருந்தேன். உங்க பேரு வெளம்பரத்துல வந்த வாரம் கோத்த எழுத்து அத்தனையும் பிரிச்சுப் போடச் சொல்லிட்டாரு. ஏன் முதலாளின்னு கேட்டேன். 'நான் எப்படியும் எழுதிருவேன் யூசுப், பக்கத்தைக் கொடுக்கலைன்னா அந்த மனுஷன் எழுதாமலே போயிருவாரு'ன்னாரு."