ஏழு டிகிரி தைரியம்

"டைமிங்கை இன்னும் ஏழு டிகிரி முன்னாடி தள்ளுய்யா," என்றார் கறுப்புக் கண்ணாடிக்காரர்.

லேப்டாப்பைப் பார்த்தபடி மெக்கானிக் தயங்கினார். பெட்ரோலிலிருந்து எத்தனாலுக்கு மாற்றிய ரேஸ் வண்டி அது. டைமிங், அதாவது இன்ஜினில் தீப்பொறி விழும் நேரம், இப்போதே சீக்கிரமாகத்தான் இருந்தது.

"இதுக்கு மேல போனா பிஸ்டன் ஓட்டையாயிடும் சார்."

"ஆனா ஆகட்டும், வேற இன்ஜின் போட்டுக்கலாம். பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குய்யா இந்தத் தொழில்?"

கூட வந்த நண்பர்கள் சிரித்தார்கள். மெக்கானிக்கின் காது சிவந்தது. ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"இன்ஜின் போனா வண்டிக்குச் சொந்தக்காரர்தான் பொறுப்புன்னு கையெழுத்துப் போடுங்க. தள்ளிடறேன்."

பேனாவை வாங்கியவர் அதை இரண்டு முறை திறந்து மூடினார். பிறகு மெக்கானிக்கை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"இருந்தபடியே விட்டுடுங்கண்ணே. மாமனார் நாளைக்கு ஊர்லேருந்து வர்றார். அவரோட வண்டியை நான் எடுத்துட்டு வந்ததே அவருக்குத் தெரியாது."