மாப்பிள்ளையின் ரிப்போர்ட்

“மாப்பிள்ளை தாங்குவாரா மாட்டாரா, எதையும் மறைக்காம சொல்லிடுங்க டாக்டரம்மா” என்றார் பெரியவர். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை வாசலில் மர நிழலில் நின்று வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறக் குதிரை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வயது இருபத்தாறு.

சவாரிப் பள்ளியில் இனி உதவாது என்று அதைக் கழித்துக் கட்டிய அன்றே, அங்கே குதிரைக்காரராக இருந்த பெரியவரும் வேலையை விட்டுவிட்டு அதைத் தன் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவருக்குத் துணை அதுதான். அவர் பக்கத்தில் நின்று தாஜா பண்ணினால்தான் தீனியில் வாய் வைக்கும். அந்த முறுக்குக்குக் கிடைத்த பட்டம்தான் மாப்பிள்ளை.

முறுக்கு என்றால் சாதாரண முறுக்கு இல்லை. சில வருடங்களுக்கு முன் பெரியவர் கண் ஆபரேஷனுக்குப் போனபோது, பக்கத்து வீட்டுக்காரர் வைத்த தீனியை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவே போய்க் கெஞ்சிப் பார்த்தார், ஊசியும் போட்டார். கடைசியில் பெரியவர் கண்ணில் கட்டோடு ஓடி வந்து கையால் ஊட்டிய பிறகுதான் அது எழுந்து நின்றது.

வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற ரத்தப் பரிசோதனைதான் இது. வயதான குதிரைக்கு எங்கே என்ன கோளாறு என்பதை ரத்தம் முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும். இந்தத் தடவை நாள் வருவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்தான் ஒற்றைக்காலில் நின்றார்.

டாக்டரம்மா போன வருடத்து ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிவரியாக விரலை ஓட்டி விளக்கினார். சிவப்பணு கொஞ்சம் குறைவு. ஆனால் போன வருடமும் அதே அளவுதான், அந்த வயதில் அது சகஜம். சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன.

“வெள்ளையணு?” என்றார் பெரியவர்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். குதிரை எத்தனை கிலோ தின்னலாம், லாடம் எப்போது மாற்றலாம் என்று கேட்கிற மனிதர் இவர். இதற்கெல்லாம் டியூஷன் ஏதும் போகிறாரா என்று கேலி செய்துவிட்டு, அதுவும் சரியாகவே இருக்கிறது என்று காட்டினார்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்கப் பெரியவர் கையை நீட்டினார். முழங்கை மடிப்பில் ஒரு சின்னப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை கடித்துவிட்டதா என்று டாக்டரம்மா விசாரித்ததும், அவர் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

“மொத்தத்துல சொல்றேன், கேட்டுக்கோங்க. இன்னும் நாலஞ்சு வருஷத்துக்கு உங்க மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.”

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போனார் என்றுதான் டாக்டரம்மா நினைத்தார். ஆனால் அவரோ, ஏதாவது ஒன்றாவது கெட்டிருக்காதா, இன்னொரு தடவை நன்றாகப் பாருங்கள் என்று கேட்டார். இல்லவே இல்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்.

“வலிக்காம, தூங்குற மாதிரி முடிச்சு வைக்க ஒரு ஊசி இருக்காமே. அதைப் போட்டுடலாமா?”

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. பிள்ளை மாதிரி என்று கொஞ்சிவிட்டு, வயதானதும் கை கழுவ வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவரா என்று நினைத்தபோது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. கையிலிருந்த ரிப்போர்ட்டை மேஜையில் போட்டார்.

“நல்லா இருக்கிற உயிரை எடுக்கறதுக்கா நான் படிச்சேன்? உங்களுக்குப் பாரமா இருந்தா இங்கேயே விட்டுட்டுப் போங்க. நான் தீனி போடறேன்.”

“உங்க கையால சாப்பிட மாட்டாரும்மா. பட்டினி கிடந்தே போயிடுவார். நீங்கதான் பார்த்தீங்களே.”

அவர் குரல் கேட்டு வெளியே மாப்பிள்ளை ஒரு கனைப்புக் கனைத்தது. பெரியவர் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

டாக்டரம்மாவின் கோபம் இன்னும் அடங்கவில்லை. “அப்போ இத்தனை நாள் ஊட்டின மாதிரி நீங்களே ஊட்டிட்டுப் போங்களேன். உங்களுக்கு என்ன கேடு?”

பெரியவர் சட்டைக் கைக்கு மேலேயே அந்தப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார்.

“என் ரிப்போர்ட் நேத்தே வந்துடுச்சும்மா.”