மின்சட்டை வாங்கலாமா

அன்புள்ள பூங்கோதை அக்காவுக்கு,

மின்சட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நடந்ததை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் அதைப் போட ஆரம்பித்து மூன்று வருடம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சட்டையே தசைகளை முறுக்கி வேலை வாங்கியது. புஜம் தேக்கு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் தசைகளைத் தானே இயக்கும் பழக்கம் விட்டுப்போய், இப்போது கண்ணை மூடினால் தன் கை எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரிவதில்லை. மூக்கைத் தொடச் சொன்னால் கண்ணில் குத்திக்கொள்கிறார்.

"புஜத்தைப் பார்த்தா பொறாமையா இருக்கு மாமா, பிள்ளையை மட்டும் தூக்கிடாதீங்க" என்று தம்பி கேலி செய்தான்.

போன வாரம்தான் துணிந்து எங்கள் இரண்டு மாதக் குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். நழுவவிடக் கூடாதென்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை முதல்முறையாகச் சிரித்தாள்.

"சிரிக்கிறா பாருங்க" என்றேன்.

"பார்த்தா விட்டுடுவேன். எப்படிச் சிரிக்கிறான்னு நீ சொல்லு" என்றார், தலை நிமிராமல்.